காஸ்லரை அணைத்துவிடலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். எங்கள் நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர்களை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் வேகத்தைக் கூட்டுவது பற்றிய ஒரு குறிப்பில், பூட் வரியில் ‘நோகாஸ்லர்’ என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். உடன் வேலை செய்பவரோ, “காஸ்லரை எப்போதோ உடைத்துவிட்டார்கள், அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்” என்கிறார். சேர்க்கட்டுமா?
— சர்வர் நிர்வாகி, ஓசூர்

பதில்: சேர்க்காதீர்கள். காஸ்லர் என்பது லினக்ஸின் மையமான கர்னலை ஒவ்வொரு பூட்டிலும் மெமரியில் வேறு இடத்தில் வைக்கும் பாதுகாப்பு; நோகாஸ்லர் அதை அணைத்துவிடும். உங்கள் சர்வர்களில் இருப்பது இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் என்றால், அதை அணைப்பதால் கூடுதல் வேகம் எதுவும் கிடைக்காது. காஸ்லர் செய்கிற வேலை முழுவதும் பூட் ஆகும்போதே முடிந்துவிடுகிறது. சுருக்கி வைத்த கர்னலை விரிக்கும் சிறிய நிரல், சிபியுவிடமிருந்தும் டைமரிடமிருந்தும் ஒரு தற்செயல் எண்ணை வாங்கி, அதை வைத்து ஓர் இடத்தைத் தேர்ந்து கர்னலை அங்கே இறக்குகிறது. கர்னலுக்குள் எந்தெந்த இடத்தில் முழு முகவரி எழுதியிருக்கிறது என்ற பட்டியல் கூடவே வரும். அந்த ஒவ்வோர் இடத்திலும், நகர்ந்த தூரத்தைக் கூட்டிவிடுகிறது. அத்துடன் சரி. அதன்பின் ஓடுவது அதே பழைய கர்னல்தான், அதே வேகத்தில்.

ஏஆர்எம் சர்வர் என்றால் கதை கொஞ்சம் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இது எதற்காக வந்தது என்று பார்ப்போம். கர்னலில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக ஒருவரால் ஓட்டத்தை வேறு பக்கம் திருப்ப முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே திருப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒரு ப்ராசஸுக்கு ரூட் அதிகாரம் தரும் ஃபங்ஷன் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது; அதன் முகவரி கிடைத்தால் போதும். காஸ்லர் இல்லாத காலத்தில் அந்த முகவரி ஊருக்கே தெரிந்த ஒன்று. நீங்கள் வைத்திருக்கும் அதே உபுண்டு கர்னல் பேக்கேஜை அவரும் இறக்கிப் பிரித்துப் பார்த்தால், அதே எண் உங்கள் எல்லாச் சர்வருக்கும் பொருந்தும். கீஸ் குக் எழுதிய காஸ்லர் 2014-இல் லினக்ஸ் 3.14-உடன் வந்தது. 2017-இல் 4.12 முதல், யாரும் கேட்காமலே இயங்கும்படி ஆனது. ஆப்பிள் அதற்கு முன்பே, 2012-இல், மவுன்டன் லயனிலும் ஐஓஎஸ் 6-லும் இதைச் செய்துவிட்டது.

இப்போது எத்தனை இடங்களில் ஒன்று என்ற கணக்கு. 64 பிட் என்றவுடன் கர்னல் ஒளிந்துகொள்ள ஆகாயம் அளவு இடம் இருப்பதாகத் தோன்றும். இருப்பது 1 ஜிபி. கம்பைலர் கர்னலை உருவாக்கும் முறையில், அது முகவரி வெளியின் உச்சியில் உள்ள கடைசி 2 ஜிபிக்குள் இருந்தாக வேண்டும். அதில் ஒரு பாதியை, பிறகு ஏற்றப்படும் டிரைவர் போன்ற மாட்யூல்கள் எடுத்துக்கொள்கின்றன. மீதி 1 ஜிபியிலும் நினைத்த இடத்தில் உட்கார முடியாது, 2 எம்பிக்கு ஒரு படி. 1 ஜிபியை 2 எம்பியால் வகுத்தால் 512. கர்னலின் உடம்பும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் நடைமுறையில் அதைவிடச் சற்றுக் குறைவு. பிட் கணக்கில் 9 பிட்.

இந்த 2 எம்பிப் படியைக் கைவிட்டு 4 கேபிக்கு ஒரு படி வைத்தால் இன்னும் 9 பிட் கிடைக்குமே என்று கேட்பீர்கள். கிடைக்கும், ஆனால் அங்கேதான் வேகம் போகும். கர்னலின் கோடை 2 எம்பிப் பெரிய பக்கங்களாக மேப் செய்வதால், சிபியு முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் டிஎல்பியில் சில வரிகளிலேயே அது அடங்கிவிடுகிறது. நினைத்த இடத்தில் உட்காரவைத்தால் சின்னப் பக்கங்களாக உடைக்க வேண்டும். ஒவ்வொரு சிஸ்டம் காலிலும், ஒவ்வொரு நெட்வொர்க் பாக்கெட்டிலும் அதன் விலை தெரியும். இந்த 2 ஜிபிக் கட்டுப்பாட்டையே தளர்த்துவதற்காக, கர்னலை எங்கும் ஓடும்படி கம்பைல் செய்யும் பேட்சுகளை தாமஸ் கார்னியே 2017-இல் அனுப்பினார். அவை மெயின்லைன் எனப்படும் அதிகாரபூர்வ லினக்ஸில் சேரவில்லை. இதே தாமஸ் கார்னியே எழுதி 4.8-இல் சேர்ந்த வேறொரு பேட்சை நான் மிகவும் மதிக்கிறேன். கர்னலின் கோடு மட்டுமல்லாமல், ராம் முழுவதையும் மேப் செய்யும் பகுதியையும் கர்னல் தன் தேவைக்கு மெமரி ஒதுக்கும் விமலாக் பகுதியையும் தனித்தனியாக இடம் மாற்றிவைத்தது அது.

உங்கள் லேப்டாப்பிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். ப்ராக் டைரக்டரியில் கால்சிம்ஸ் என்று ஒரு கோப்பு உண்டு, கர்னல் ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியல். சாதாரண யூசராகத் திறந்தால் வரிக்கு வரி பதினாறு பூஜ்யம் வரும். சூடோ போட்டுத் திறந்தால் உண்மையான எண்கள். ‘டெக்ஸ்ட்’ என்ற தொடக்க வரியைக் குறித்துக்கொண்டு ரீபூட் செய்து மறுபடி பாருங்கள். நடுவில் மூன்று இலக்கம் வரை மாறியிருக்கும். முன்னால் உள்ள எட்டு எஃப் மாறாது, கடைசி ஐந்து பூஜ்யமும் மாறாது. அந்த ஐந்து பூஜ்யம்தான் நான் சொன்ன 2 எம்பிப் படி. கர்னலின் கோடில் இன்னும் இரண்டு ஃபங்ஷன்களை எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். எத்தனை முறை ரீபூட் செய்தாலும் அந்த வித்தியாசம் அதேதான். வீட்டையே பெயர்த்து வேறு மனையில் வைத்தாலும் வாசலிலிருந்து சமையலறைக்கு எத்தனை அடி என்பது மாறாது, அப்படித்தான். எனவே ஏதாவது ஒரே ஒரு முகவரி கசிந்தால் மீதி அத்தனையையும் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம்.

உங்களுடன் வேலை செய்பவர் சொல்வது இதை வைத்துத்தான். அவர் சொல்வதில் பாதி உண்மை. 2013-இல், காஸ்லர் லினக்ஸில் சேரும் முன்பே, ஜிஆர்செக்யூரிட்டி என்ற கர்னல் பாதுகாப்புப் பேட்சுகளின் பிராட் ஸ்பெங்லர், லோக்கல் யூசருக்கு முகவரி கசியும் வழிகள் இத்தனை இருக்கும்போது இது தடுக்கும் என்று நம்புவது வீண் என்று கடுமையாக எழுதினார். அதே ஆண்டு ஹுண்ட், வில்லெம்ஸ், ஹோல்ட்ஸ் மூவரும், கர்னலில் எந்த ஓட்டையும் தேவையில்லை, நேரத்தை அளந்தாலே போதும் என்று காட்டினார்கள். 2016-இல் இன்டெல் சிப்பின் டிஎஸ்எக்ஸ் என்ற வசதியை வைத்து ஒரு குழுவும், தகவலை முன்கூட்டியே கேஷுக்கு எடுத்துவைக்கச் சொல்லும் ப்ரீஃபெட்ச் கட்டளையை வைத்து ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் இன்னும் எளிதாக்கிக் காட்டினார்கள். கர்னல் முகவரியை ப்ரீஃபெட்ச் செய்யச் சொன்னால் சிபியு பிழை எதுவும் காட்டுவதில்லை. ஆனால் அந்த முகவரியில் ஏதாவது இருந்தால் ஒரு நேரம், இல்லாவிட்டால் ஒரு நேரம் ஆகிறது. 512 இடங்களையும் தட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இதற்கு அடுத்து நடந்தது, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி. ப்ரீஃபெட்ச் ஓட்டையைக் கண்டுபிடித்த அதே கிராட்ஸ் குழு, அதை அடைக்க 2017-இல் கைசர் என்ற முறையை முன்வைத்தது. யூசர் நிரல் ஓடும்போது கர்னலை அதன் பேஜ் டேபிள் என்ற முகவரி அட்டவணையிலிருந்தே எடுத்துவிடுவது. உள்ளே நுழைய வேண்டிய சிறு பகுதி மட்டும் இருக்கும். காஸ்லர் என்ற ஒரு மெல்லிய தடுப்பைக் காப்பாற்றவே இவ்வளவும். அந்த ஆண்டு கடைசியில் இந்தப் பேட்சுகள் அசாதாரண வேகத்தில் மெயின்லைனுக்குள் போனபோது, காஸ்லருக்காக இத்தனை அவசரமா என்று வெளியில் இருந்த பலருக்கும் புரியவில்லை. 2018 ஜனவரி 3 அன்று மெல்ட்டவுன் வெளிவந்தது. கர்னல் மெமரியையே யூசர் நிரல் படித்துவிடக்கூடிய ஓட்டை அது. அதற்கான மருந்து, இதே கைசர், கேபிடிஐ என்ற பெயரில் ஏற்கெனவே கையில் இருந்தது. மெல்லிய தடுப்பைக் காக்கப் போனவர்கள் செய்த வேலை உலகத்தின் சர்வர்களைக் காப்பாற்றியது. உங்கள் குறிப்பை எழுதியவர் வேகக் குறைவுக்குக் காரணமாக நினைத்தது, அநேகமாக இந்தக் கேபிடிஐயாக இருக்கும். சிஸ்டம் கால் அதிகம் செய்யும் டேட்டாபேஸில் அதன் பாரம் உண்மையாகவே தெரியும். ஆனால் இன்டெல், ஏஎம்டி சிப்களில் அது வேறு சுவிட்ச். மெல்ட்டவுன் இல்லாத சிப்களில் அது தானாகவே அணைந்திருக்கும்.

அந்தக் கேபிடிஐயும் காஸ்லரை முழுதாகக் காக்கவில்லை என்பதை 2022-இல் வந்த என்ட்ரிபிளீட் என்ற தாக்குதல் காட்டியது. உள்ளே நுழைவதற்கென்று மிச்சம் வைத்த அந்தச் சிறு பகுதியும், கர்னலின் தொடக்கத்திலிருந்து மாறாத தூரத்தில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் எல்லாம் கிடைத்துவிடும்.

அப்படியானால் ஏன் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்? உங்கள் சர்வரில் ஷெல் கிடைத்து, நினைத்த நிரலை ஓட்டக்கூடியவரை இது நிறுத்தாது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாத் தாக்குதலும் அங்கிருந்து வருவதில்லை. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு நானோ செகண்டை அளக்கும் வசதி எளிதில் கிடைக்காது. கட்டுப்படுத்தப்பட்ட கன்டெய்னருக்குள்ளோ பிரவுசர் சாண்ட்பாக்ஸுக்குள்ளோ மாட்டியவருக்கும் கைகள் கட்டித்தான் இருக்கும். அவர்கள் யூகிக்க வேண்டும். யூகம் தவறினால் கர்னல் கத்தும். லாகில் ஊப்ஸ் என்ற பிழைச் செய்தி பதிவாகும். ரெட் ஹாட் போல ஊப்ஸ் வந்தாலே பேனிக் ஆகும்படி வைத்திருந்தால் மெஷினே விழும். எழுந்து வரும்போது இடம் மாறியிருக்கும், பழைய யூகம் செல்லாது. சத்தமில்லாமல் நடந்திருக்க வேண்டிய திருட்டு, இங்கே நள்ளிரவில் உங்கள் ஃபோனை அடிக்கவைக்கும் விபத்தாக மாறுகிறது. சர்வர் விழுவதும் நஷ்டம்தான். வாடிக்கையாளர் தகவல் வெளியே போவதோடு ஒப்பிட்டால் எந்த நஷ்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே பெரிது. காஸ்லர் வருவதற்கு முன் கர்னல் முகவரியை ரகசியமாக நினைத்தவர்கள் மிகச் சிலர். டிரைவர் எழுதுபவர்கள் லாகில் பாயின்டரை அப்படியே அச்சடித்துவிட்டுப் போனார்கள். முகவரிக்கு மதிப்பு வந்தபின் அந்தப் பழக்கம் தவறாகத் தெரிய ஆரம்பித்தது. 4.15 முதல், கர்னல் லாகில் எழுதும் பிரின்ட்கே வழியாக வழக்கமான முறையில் பாயின்டரை அச்சடித்தால் ஹாஷ் செய்த எண்தான் வருகிறது. அந்த ஒரு மாற்றம் எத்தனையோ கசிவுகளை ஒரேயடியாக அடைத்தது. ஆகையால் நீங்கள் உழைப்பைச் செலவிட வேண்டிய இடமும் அதுவே: சாதாரண யூசர் டீமெசேஜ் என்ற கர்னல் லாகைப் படிக்க முடியாதபடி வையுங்கள், கர்னல் முகவரிகளை மறைக்கும் கேபிடிஆர் கட்டுப்பாட்டை 1 அல்லது 2-இல் வையுங்கள், கர்னல் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏஆர்எம் விஷயம் சொல்கிறேன் என்றேனே. 64 பிட் ஏஆர்எம் லினக்ஸில் காஸ்லர் இயங்கினால் அதற்குத் துணையாகக் கேபிடிஐயும் சேர்ந்து இயங்குகிறது, அந்தச் சிப்புக்கு மெல்ட்டவுன் இல்லாவிட்டாலும்கூட. காஸ்லர் காரணமாகக் கேபிடிஐ இயக்கப்பட்டது என்று பூட் லாகில் ஒரு வரி வரும். ஏஆர்எம் 8.5 தலைமுறையில் வந்த யூசர் நிரல் கர்னல் முகவரிகளை நேரம் அளந்து அறிவதைத் தடுக்கும் ஈ0பிடி வசதி உள்ள சிப்களில் இது தேவைப்படுவதில்லை. பழைய ஏஆர்எம் சிப்களில் மட்டும்தான் காஸ்லருக்கு நிஜமாகவே ஓடும்போது விலை உண்டு. அங்கேயும் அளந்து பார்க்காமல் அணைக்காதீர்கள்.

கேள்வி: க்யூஎம்யூ என்ற மெய்நிகர் மெஷினில் கர்னலை ஓட்டி, ஜிடிபி டீபக்கரில் பிரேக்பாயின்ட் வைக்கிறேன். ஸ்டார்ட் கர்னல் ஃபங்ஷனில்கூட நிற்காமல் ஓடிவிடுகிறது. சிம்பல் எல்லாம் சரியாகத்தான் ஏற்றியிருக்கிறேன். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டும், உதவுங்கள் சார்.
— பொறியியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: உங்கள் சிம்பல் கோப்பில் இருப்பது கம்பைல் ஆனபோது இருந்த முகவரி. கர்னல் ஓடுவது வேறு இடத்தில். யாரும் போகாத தெருவில் நின்று காத்திருக்கிறது உங்கள் பிரேக்பாயின்ட். க்யூஎம்யூவின் அப்பெண்ட் வரியில் நோகாஸ்லர் சேருங்கள், உடனே நிற்கும். மேலே ஒருவரிடம் வேண்டாம் என்றதை உங்களிடம் போடச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுடையது நெட்வொர்க்கில் யாரும் தொடாத, தூக்கிப் போடக்கூடிய மெஷின்.

வேலைக்குப் போனபின் அணைக்க முடியாத மெஷின்களும் வரும். அப்போது பேனிக் செய்தியின் அடிப்பகுதியில் ‘கர்னல் ஆஃப்செட்’ என்று வரும் வரியைத் தேடுங்கள். ஊப்ஸில் பெரும்பாலும் ஃபங்ஷன் பெயரும் அதற்குள் எத்தனை பைட் தள்ளி என்பதும் இருக்கும், அதற்கு ஆஃப்செட் வேண்டாம். ஆனால் ரிஜிஸ்டரில் வெறும் எண்ணாகக் கிடக்கும் முகவரி எந்த ஃபங்ஷன் என்று அறிய அந்த வரி இல்லாமல் முடியாது. வாடிக்கையாளர்கள் திரையை ஃபோனில் படம் பிடித்து அனுப்பும்போது மேல்பாதி அழகாகத் தெரியும், அந்தக் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கும். படம் கேட்கும்போதே “அடி வரை எடுங்க” என்று சொல்லிவிடுங்கள். விழும்போது மெமரியைச் சேமிக்கும் கேடம்ப் அமைத்த மெஷின் என்றால் ஆஃப்செட் டம்ப்புக்குள்ளேயே இருக்கும். கிராஷ் கருவி தானே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: மொத்தமாக நகர்த்துவதால்தான் ஒரு முகவரியில் எல்லாம் போய்விடுகிறது என்றால், ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனியாகக் கலைத்துப் போட்டால் என்ன?
— ஆசிரியர், கும்பகோணம்

பதில்: செய்து பார்த்தார்கள். இன்டெலில் இருந்த கிறிஸ்டன் கார்ல்சன் அக்கார்டி 2020-இல் அனுப்பிய பேட்சுகள் இதைத்தான் செய்தன. எஃப்ஜி-காஸ்லர் என்று பெயர். ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனி செக்‌ஷனாகக் கம்பைல் செய்து, பூட் ஆகும்போது சீட்டுக் கலைப்பது. யோசனை நல்லது, பேட்சும் கவனமாக எழுதப்பட்டது. ஆனால் தொட்ட இடமெல்லாம் வேலை வைத்தது. செக்‌ஷன் பட்டியலே பெரிதாகி கர்னல் கோப்பு பருத்தது, பூட் நேரம் கூடியது. ஒன்றையொன்று அடிக்கடி அழைக்கும் ஃபங்ஷன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை சிதறியதால் கேஷுக்கு நஷ்டம். சிம்பல் பட்டியலை மறுபடி வரிசைப்படுத்த வேண்டும். ரீபூட் இல்லாமல் கர்னலைத் திருத்தும் லைவ்பேட்ச், ஒரே பெயரில் உள்ள ஃபங்ஷன்களை எத்தனையாவது என்ற வரிசையை வைத்தே அடையாளம் காண்கிறது. அந்த வரிசையே போய்விட்டது. இத்தனைக்குப் பிறகும் அசெம்பிளியில் எழுதிய பகுதிகள் கலையாமல் அப்படியே இருந்தன, தாக்குபவருக்குப் பிடித்துக்கொள்ள அவை போதும். அது மெயின்லைனில் சேரவில்லை. சேராதது சரி என்றே நினைக்கிறேன், அந்த உழைப்பின் மீது எனக்குள்ள மரியாதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: வீட்டு ஃபயர்வாலில் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். பூட் ஆனபிறகும் சிறிது நேரம் சிபியு ஓடிக்கொண்டே இருக்கிறது. கர்னலை மறுபடி லிங்க் செய்வதாகத் தெரிகிறது. பழைய சிறு பெட்டி, இதை நிறுத்தலாமா?
— ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர், மதுரை

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. மேலே ஆசிரியர் கேட்டாரே, அதற்கு ஓபன்பிஎஸ்டி கண்ட விடை இது. கார்ல் என்று பெயர். ஓபன்பிஎஸ்டி நிறுவனர் தியோ டி ராட் 2017-இல் அறிவித்தார், அதே ஆண்டு 6.2 பதிப்பில் வந்தது. கர்னலின் கம்பைல் ஆன துண்டுகளான ஆப்ஜெக்ட் கோப்புகளை உங்கள் பெட்டியிலேயே வேறு வரிசையில் சேர்த்து, அடுத்த பூட்டுக்கென்று புதிய கர்னலைச் செய்து வைத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு கோப்பு மட்டும் இடம் மாறாது. ஆகவே ஒரு முகவரி கசிந்தாலும், பக்கத்து ஆப்ஜெக்ட் எங்கே இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வேலை முழுவதும் பின்னணியில் நடப்பதால் உங்கள் நெட் தடைப்படாது.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. யுஎஸ்ஆர் பகுதியை எழுத முடியாதபடி மவுன்ட் செய்தால் லிங்க் நடக்காது. நீங்களே கர்னலைக் கம்பைல் செய்து பதிவான செக்சம்முடன் ஒத்துப்போகாவிட்டாலும் அது நின்றுவிடும். ஒவ்வொரு பெட்டியின் கர்னலும் வேறு என்பதால், தயாரித்தவர் ஒரே கையெழுத்திட்டு எல்லோருக்கும் அனுப்பும் செக்யூர் பூட் முறைக்கு இது பொருந்தாது. லினக்ஸ் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகு மெமரியில் நகர்த்துவதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. வீட்டு ஃபயர்வாலுக்கு ஓபன்பிஎஸ்டி வழியே மேல் என்பேன்.

கேள்வி: பழைய குறிப்புகளில் ஹைபர்னேட் வேண்டுமென்றால் காஸ்லர் இருக்கக்கூடாது என்கிறார்கள். இப்போதும் அப்படியா?
— வாசகி, சேலம்

பதில்: 2014-இல் அப்படித்தான் இருந்தது. இப்போது இரண்டும் சேர்ந்தே இயங்கும்.

கேள்வி: ஒரே ஸ்னாப்ஷாட்டிலிருந்து நூறு விஎம் (மெய்நிகர் மெஷின்) எழுப்புகிறோம். ஒவ்வொன்றிலும் கர்னல் வேறு இடத்தில் இருக்குமா?
— கிளவுட் பொறியாளர், பெங்களூரு

பதில்: இருக்காது. இடம் தேர்வது பூட் ஆகும்போது மட்டும். ஓடிக்கொண்டிருந்த மெஷினை உறையவைத்து எழுப்பினால் பூட்டே நடப்பதில்லை, எனவே நூறும் ஒரே முகவரியில் எழும். ஒன்றில் கசிந்தால் நூறுக்கும் பொருந்தும். வாடிக்கையாளர்கள் வேறு வேறு ஆட்கள் என்றால் இது சின்ன விஷயமில்லை. ஸ்னாப்ஷாட் எடுப்பதே சில மில்லிசெகண்டில் எழுப்பத்தான் என்பது தெரியும். ஒரே ஸ்னாப்ஷாட்டுக்குப் பதில் தனித்தனியாக பூட் செய்த பலவற்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எழுப்புங்கள், அவற்றை அடிக்கடி புதுப்பியுங்கள். ஒரு வாடிக்கையாளரின் விஎம்கள் ஒரே ஸ்னாப்ஷாட்டிலிருந்தும், வேறு வாடிக்கையாளருக்கு வேறொன்றிலிருந்தும் எழுமாறு பிரித்தாலே பெரும்பகுதி ஆபத்து குறையும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஃபயர்கிராக்கர் போன்ற மைக்ரோவிஎம்களில் நேரம் மிச்சம் பிடிக்க, சுருக்காத கர்னலையே நேரடியாக ஏற்றுவது வழக்கம். இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் இடத்தைத் தேர்வது விரிக்கும் அந்தச் சிறு நிரல்தான் என்று முதல் பதிலில் சொன்னேன். அது ஓடாவிட்டால், கன்ஃபிகில் காஸ்லர் ஆன் என்று இருந்தாலும் கர்னல் நகர்ந்திருக்காது. கெஸ்ட்டுக்குள் ரூட்டாக நுழைந்து கால்சிம்ஸில் டெக்ஸ்ட் வரியைப் பாருங்கள். எட்டு எஃப், பிறகு 81, பிறகு ஆறு பூஜ்யம் என்று ஒவ்வொரு பூட்டிலும் வந்தால் உங்கள் கெஸ்ட்களில் காஸ்லர் வேலை செய்யவில்லை.